மத்தியானத்தில் மட்டும் நிற்கும் கார்

எங்கள் வட்டாரத்துப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். "அங்கிள், உங்க வேலையில நீங்க கண்டுபிடிச்ச பெரிய பழுது ஒன்னப் பத்தி எழுதிக் குடுங்க" என்று கேட்டு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள். காரில் ஒரு கம்பியைச் சொருகினால் எந்த இடத்தில் கோளாறு என்று திரையே சொல்லிவிடுகிறது. எங்கள் காலத்தில் எதைக் கொண்டு, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஆசை. சரி என்று தலையாட்டிவிட்டேன். நான் கண்டுபிடித்த பெரிய பழுது ஒன்று உண்டுதான். அதை எழுதினால் மலரில் போடுவார்களா என்பது அவர்கள் பாடு.

நான் வேலை கற்றது பெரிய கதை இல்லை. பதினாறு வயதில் கோலசிலாங்கூரில் ஒரு சீனர் பட்டறையில் சேர்ந்து ஆறு வருடம் திட்டு வாங்கினேன். பிறகு ஈஜோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துப் பட்டறைக்கு வந்தேன். டிராக்டர், லோரி, பம்பு எல்லாம் எங்கள் தலையில். தோட்டத்துக்கென்று ஒரு ஜப்பான் காரும் இருந்தது. துரையை, அதாவது மேனேஜரை, அழைத்துப் போவதும் அழைத்து வருவதும் அதன் வேலை.

அந்தக் கார் வந்தபோதுதான் என் தலைக்கனமும் கூடவே வந்தது. அதுவரை நாங்கள் பார்த்த கார்களில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்று ஒரு தொடுமுனை இருக்கும். அது தேயும், கருகும், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்போம், ஓடும். இந்தக் காரில் பாயிண்டே இல்லை. அதன் இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிக்-அப் காயில் இருந்தது. தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிப் பக்கத்தில் ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். எதிரே ஒரு பல்சக்கரம் சுற்றும். ஒவ்வொரு பல்லும் காயிலைத் தாண்டும்போது துளி மின்சாரம் பிறக்கும். அந்தத் துளியைப் பார்த்துத்தான் பிளக்கில் நெருப்பு எப்போது விழ வேண்டும் என்று ஒரு பெட்டி முடிவு செய்யும். காயில் செத்தால் கார் செத்தது. இதைக் கற்றுக்கொள்ள என்னை மூன்று நாள் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது முள் வைத்த ஒரு மீட்டரையும் கொடுத்தார்கள். தோட்டத்தில் அந்த மீட்டரைப் பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

காரை ஓட்டியவர் மாணிக்கம் அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மனைவி லெட்சுமி மரத்தடியில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்குகிற வேலையில் இருந்தார். இரண்டு பிள்ளைகள். பட்டறைக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கடைசி வீடு அவர்களுடையது. அண்ணன் நல்ல ஓட்டுநர். கிளச்சை மிதிப்பதே கேட்காது. ஒரே குறை, ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடைக்குப் போவார். அதை அவர் மறைத்ததும் இல்லை.

எண்பத்தாறோ எண்பத்தேழோ, சரியாக நினைவில்லை. பினாங்கிலிருந்து விமானத்தில் வந்த துரையை அழைத்து வர அண்ணன் சுபாங்குக்குப் போனார். துரை அங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றார். கார் சுங்கை பூலோ சாலையில் தானாக நின்றுவிட்டது, அரை மணி கழித்துத் தானாகப் பிடித்தது, கொஞ்சம் போய் மறுபடியும் நின்றது என்றார் அண்ணன். துரை ஏறியதிலிருந்து தோட்டம் வந்து சேரும்வரை கார் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அதற்குள் வெயில் தாழ்ந்து மழை பிடித்துவிட்டது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, நான் உட்பட. வழியில் எங்கோ கள்ளுக்கடையில் உட்கார்ந்துவிட்டார் என்று துரை முடிவு செய்துவிட்டார். இதற்கு முன்னாலும் இரண்டு தடவை கார் நின்றது என்று அண்ணன் தாமதமாக வந்திருக்கிறார். அதுவும் சேர்ந்துகொண்டது.

விசாரணை பெரிய கிராணியிடம் வந்தது. ஆபீசுக்குத் தலைவர் அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் சபாரத்தினம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் எதில் கையெழுத்துப் போட வந்தாலும், அதில் உள்ளதை அவரே ஒரு தடவை வாசிப்பார், தமிழில் விளக்குவார். பிறகு பேனாவை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஆளைப் பார்ப்பார். மண்வெட்டி வாங்கினதுக்குக் கைநாட்டு வைக்கிற கிழவிக்கும் அதே மரியாதைதான். எங்களுக்கு அது எரிச்சலாக இருக்கும்.

"தம்பி சண்முகம், நீர்தான் இதுக்குப் படிச்சனீர். காரில பிழை இருக்கோ, இல்லையோ? வடிவாப் பாத்துச் சொல்லும். இது ஒரு மனுசன்ர சீவியம்" என்றார் என்னிடம்.

எங்கள் பட்டறையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சூடான எஞ்சினில் யாரும் கை வைக்கக் கூடாது. எனக்கு முன்னால் இருந்த ஒருவர் கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டாராம். அதிலிருந்து எந்த வண்டி வந்தாலும் சாயங்காலம் நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் ஆறின பிறகுதான் தொடுவோம். ரேடியேட்டருக்காக வந்த கட்டுப்பாடு, எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. அது ஏன் என்று ஒருநாளும் யாரும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் காரைத் திறந்தேன். மாணிக்கம் அண்ணன் பக்கத்தில் நின்றார். ஆட்களை மேய்க்கிற மண்டோர், லோரி ஓட்டுகிறவர்கள் என்று ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் இரட்டைக் கம்பியின் சொருகியைக் கழற்றினேன். மீட்டரை மின்தடை பார்க்கிற ஓமுக்குத் திருப்பி, இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்தேன். பிறகு முனைகளைச் சொருகியில் வைத்தேன். நூற்று நாற்பதிலிருந்து நூற்று எண்பதுக்குள் இருக்க வேண்டும் என்பது புத்தகக் கணக்கு. முள் நூற்று ஐம்பத்தைந்தில் போய் அசையாமல் நின்றது. ஒரு முனையை எஞ்சின் உடம்பில் வைத்துப் பார்த்தேன், மின்சார ஒழுக்கு இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பல்லுக்கும் காயிலுக்கும் நடுவில் பித்தளைத் தகட்டை விட்டு இடைவெளி பார்த்தேன். இரும்புத் தகடு என்றால் காந்தம் பிடித்து இழுத்துக் கணக்கு தப்பும். இடைவெளியும் சரி.

"எல்லாம் நல்லா இருக்குண்ணே" என்றேன்.

"தம்பி, நீ காலையில பாக்குற. அது மத்தியானத்துலதான் நிக்குது" என்றார் அவர். "கொஞ்சம் ஓட்டி, சூட்டோட வெச்சிப் பாரேன் லா."

யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்ததாக எனக்குப் பட்டது. "மீட்டருக்குக் காலையும் மத்தியானமும் தெரியாதுண்ணே. நேத்து மத்தியானம் நீங்க எங்க இருந்தீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றேன். இப்போது எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் முகம் சுருங்கிப்போனது. அந்த முகத்தைப் பார்த்து எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நான் செய்யாத வேலைகள் மூன்று. காயிலிலிருந்து வரும் கம்பியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்க்கவில்லை. வேகம் கூடும்போது காயில் உட்கார்ந்திருக்கும் தட்டு கொஞ்சம் திரும்பும். அதைத் திருப்புகிற ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, தட்டை அசைத்துப் பார்க்கவில்லை. காயிலைச் சூடாக்கிப் பார்க்கவில்லை. மூன்றையும் கோலாலம்பூரில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன்.

பெரிய கிராணி என் அறிக்கையை ஆங்கிலத்தில் டைப் அடித்து வைத்திருந்தார். வாசித்தார். "காரில ஒரு பிழையும் இல்லை எண்டு எழுதியிருக்கு. இதில ஏதும் மாத்த வேணுமோ?" பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இல்லைங்கய்யா."

"சூட்டில நிக்குது எண்டு மாணிக்கம் சொல்றார். அது பாத்தனீரோ?"

"அதெல்லாம் மீட்டர்ல தெரிஞ்சிருங்கய்யா."

பேனாவைக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரத்தில் மாணிக்கம் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். வீட்டைக் காலி செய்ய ஒரு மாதம் கொடுத்தார்கள். பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தால் அந்த வீட்டின் கொடிக்கயிறு தெரியும். நான் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த ஒரு மாதத்தில் மூன்றாவது வாரம் ஒருநாள், சாமான் வாங்கக் கோலசிலாங்கூருக்கு அந்தக் காரை நானே எடுத்துப் போனேன். திரும்பும்போது மணி இரண்டிருக்கும். நல்ல வெயில். ஈஜோக் வருவதற்கு முன்னால் கார் செத்தது. இருமல் இல்லை, உதறல் இல்லை, சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி இருந்தது. ஓரம் கட்டினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. மீட்டர் காரின் பின்சீட்டில் இருந்தது. பட்டறைக் கட்டுப்பாடு பட்டறையோடு. சூட்டோடு சூடாகச் சொருகியைக் கழற்றி முனைகளை வைத்தேன்.

முள் அசையவில்லை.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். காயிலுக்குள் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது, பிடித்துவிட்டேன் என்கிற தொழில்காரன் சந்தோஷம். ஒரு பத்து நொடி இருந்திருக்கும். பிறகுதான் மாணிக்கம் அண்ணன் ஞாபகம் வந்தது.  காரின் நிழலில் உட்கார்ந்துகொண்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து முனைகளை வைத்துப் பார்த்தேன். முள் செத்துக் கிடந்தது. இப்படியே இருந்துவிடட்டும், இது அவர் சொன்ன பழுது இல்லை, வேறு புதுப் பழுது என்று ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அரை மணி ஆனது. எஞ்சின் ஆறியது. முள் ஒரு துள்ளுத் துள்ளியது, விழுந்தது, மறுபடி எழுந்து நூற்று ஐம்பத்தைந்தில் போய் நின்றுகொண்டது. சாவியைத் திருப்பினேன். கார் உடனே பிடித்தது. அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து அப்படியே.

புதுக் காயிலுக்கு எழுதிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பெரிய கிராணி வழக்கம்போல வாசித்தார். "பிக்-அப் காயில் ஒண்டு. பழையது சூட்டில் அறுகிறது." நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தம்பி, இந்தப் பிழை அண்டைக்கும் இருந்ததோ?"

அந்த மாதம்தான் என்னைப் போர்மேன் ஆக்குவது பற்றித் துரைக்கு எழுதியிருந்தார்கள். போர்மேன் என்றால் தனி வீடு, தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளேயே. எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதெல்லாம் மனதில் ஓடியது. ஆனால் அதையெல்லாம்விட, பட்டறையில் சிரித்த அந்த ஏழெட்டுப் பேர் முகம்தான் முன்னால் வந்தது.

"இல்லைங்கய்யா. அப்ப இல்ல. இப்பதான் வந்திருக்கு" என்றேன்.

அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. "மாணிக்கம் இன்னும் லயத்திலதான் இருக்கிறார். வீட்டை ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. நீர் ஒரு வரி எழுதித் தந்தா நான் துரையிட்டப் போவன். பிழை ஆருக்கும் வரும். உமக்கு ஒண்டும் நடக்காமப் பாக்கிறது என்ர பொறுப்பு."

எனக்கு ஒன்றும் நடக்காது என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகும் நான் மாற்றிச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப இல்லைங்கய்யா" என்று இன்னொரு தடவை சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போகிறவரை என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. 'போர்மேன்' என்றுதான் கூப்பிட்டார்.

மலர் கேட்டவர்களுக்குச் செய்முறை வேண்டுமல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் அதன் அடியில் சுற்றும் சுழலியையும் எடுத்துவிட்டு, பல்சக்கரத்தை இரண்டு பக்கமும் திருப்புளி வைத்துச் சமமாக நெம்ப வேண்டும். ஒரு பக்கமாக நெம்பினால் தண்டு வளையும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் குட்டி ஆணி கீழே விழுந்தால் அன்றைய பொழுது போச்சு, அதனால் அடியில் துணி போட வேண்டும். காயிலின் இரண்டு திருகாணிகளைக் கழற்றிக் கம்பியை ரப்பர் வழியே வெளியே எடுத்து, புதியதை உள்ளே விட வேண்டும். தட்டு திரும்ப இடம் விட்டுக் கம்பியைக் கொஞ்சம் தளர்வாக வைக்க வேண்டும். இடைவெளியைப் பித்தளைத் தகட்டால் சரிபார்த்து, திருகாணியை இறுக்கிவிட்டு, மறுபடியும் சரிபார்க்க வேண்டும். பிறகு மீட்டரை மாட்டியபடியே குழாயை வாயால் உறிஞ்சிப் பார்க்க வேண்டும், பக்கத்தில் எரிகிற பல்பைப் பிடித்துச் சூடாக்கிப் பார்க்க வேண்டும். இவ்வளவையும் அன்று செய்தேன். ஒன்றும் விடவில்லை.

பழைய காயிலின் கம்பியை நீளவாக்கில் பிளேடால் கீறினேன். மேல் ரப்பரில் கீறல்கூட இல்லை. உள்ளே, தட்டோடு சேர்ந்து மடங்குகிற இடத்தில், செம்பு அறுந்திருந்தது. அறுந்த இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஆறியிருக்கும்போது தொடும், சூட்டில் விலகும். அதைத் துணியில் சுற்றிப் பட்டறைக்குப் பின்னால் வாய்க்காலில் போட்டேன்.

மாணிக்கம் அண்ணன் குடும்பம் லெட்சுமியின் அண்ணன் இருந்த சுங்கை ஆயர் தாவாருக்குப் போய்விட்டது. மூன்று வருடம் ஓடியது. நான் போர்மேன் ஆனேன், கல்யாணம் செய்தேன், ஒரு பெண் பிறந்தாள். ஒருநாள் அந்தப் பக்கமாகச் சபாக் போகிற பஸ்ஸின் ஓட்டுநர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்க தோட்டத்து மாணிக்கம் கொட்டகையில தேங்கா உரிக்கிறாரு. லோரி லைசென்ஸ் வெச்சிக்கிட்டு ஸ்டீரிங்கயே தொட மாட்டேங்கிறாருய்யா." இரண்டு ஞாயிறு தள்ளிப்போட்டேன். மூன்றாவது ஞாயிறு பஸ் ஏறினேன்.

அண்ணன் கொட்டகையில் இல்லை, வீட்டில் இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்தார். "வா தம்பி, வா. எப்ப வந்த?" என்றார். அதையே என்னால் தாங்க முடியவில்லை. ஏன் வண்டி ஓட்டுவதில்லை என்று கேட்டேன்.

"கொட்டக மொதலாளி, அந்தத் தவுக்கே, லோரி குடுத்தான். வேணாம்னுட்டேன்" என்றார். "என் மேலயே எனக்கு நம்பிக்க இல்ல தம்பி. நீ மிசின் வெச்சிப் பாத்த, நல்ல கார். அப்ப நான்தான எதயோ தப்பா மிதிச்சிருக்கணும்? தூங்கிட்டேனோ என்னமோ. யோசிச்சி யோசிச்சி எனக்கே தெரியாமப் போச்சி."

நான் சொல்லிவிட்டேன். காயில், சூடு, அறுந்த கம்பி எல்லாம் சொன்னேன். கார் நின்றது உண்மைதான், நீங்கள் சொன்னது எல்லாமே உண்மைதான் என்றேன். கும்பிட்டேன். அழுகை வந்தது. அவர் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "லெட்சுமி, இங்க வா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "எங்கிட்ட சொன்னது போதும். அவகிட்ட சொல்லு. மூணு வருசமா அவளும் நம்பல."

லெட்சுமி அக்கா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் கணவரைப் பார்த்தார்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் ஓங்க வாய மோந்து பாத்தேன். கள்ளு வாடையே இல்ல" என்றார். "மூக்குல தெரிஞ்சத நம்பாம ஆபீசுக் காயிதத்த நம்புனேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அதை அவர் கேட்காமல் இருந்தால் நானாகச் சொல்லியிருக்க மாட்டேன். "அண்ணன நிறுத்துன மூனாவது வாரத்துல தெரியும்கா."

"அப்ப நாங்க லயத்துலதான இருந்தோம்?"

"ஆமாக்கா."

"நாங்க வீட்டக் காலி பண்ண லோரி வந்த அன்னிக்கு, எங்க அலமாரிய ஒரு பக்கம் புடிச்சித் தூக்கி ஏத்துனது நீங்கதான? ஆள் பத்தாம நின்னோம், நீங்கதான் பட்டறையிலேருந்து வந்தீங்க. எல்லாரும் ஒதுங்கிப் போறப்ப இந்தத் தம்பியாச்சும் வந்துச்சேன்னு நான் தேத்தண்ணி கலக்கிக் குடுத்தேன். வாங்கிக் குடிச்சீங்க."

ஆமாம், குடித்தேன். மேலே எல்லாவற்றையும் எழுதிய நான் அந்த நாளை மட்டும் எழுதாமல் தாண்டி வந்திருக்கிறேன்.